நாற்பத்தோராவது கேள்வி

இரண்டு பல்கலைக்கழகங்கள் கைகுலுக்கும் படம்
என் பேருந்தின் விலாவில் ஒட்டியிருக்கிறது.
ஒன்று ஆற்றுக்கு அப்பால், புல்வெளியும் மணிக்கூண்டுமாக.
மற்றது இங்கே வடக்கு ஃபிலடெல்பியாவில்,
பழைய செருப்புத் தொழிற்சாலைக்குள்.
நடுவே பத்தொன்பது நிறுத்தங்கள்.
ஓட்டுகிறவள் நான், வெர்னெல் பின்க்னி.
படத்தில் நான் இல்லை.
படத்தைச் சுமக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச்சில் ஒரு மாணவி ஏறினாள்
காகிதக் கட்டோடு. நாற்பது கேள்விகள்.
புகைப்பீர்களா. வாரத்தில் எத்தனை நாள் பொரித்த உணவு.
மருத்துவர்களை எவ்வளவு நம்புகிறீர்கள்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.
சலவை மூட்டையை மடியில் வைத்திருந்த குவாரல்ஸ்
"ஒன்றுக்குக் கீழே எண் கிடையாதா, பெண்ணே?" என்றார்.
பேருந்து முழுக்கச் சிரித்தது.
அவளும் சிரித்தாள். அதையும் எழுதிக்கொண்டாள்.
எழுதிக்கொண்டது எனக்குப் பிடித்தது.

கடைசி நிறுத்தத்தில், என்ஜினை அணைத்துவிட்டு,
லவோன்யாவைப் பற்றிச் சொன்னேன்.
என்னோடு அதே தடத்தில் ஓட்டியவள்.
மார்பில் கட்டி பட்டாணியாக இருந்தபோதே அவளுக்குத் தெரியும்.
காட்ட வேண்டிய இடம் ஆற்றுக்கு அப்பால்.
அங்கே ஐந்து மணிக்குக் கதவடைப்பார்கள்.
எங்கள் ஷிப்ட் ஐந்தே காலுக்கு முடியும்.
கால் மணி நேரம்.
அந்தக் கால் மணி நேரத்துக்குள்தான்
பட்டாணி எலுமிச்சை ஆனது.
'தாமதமாக வந்தவர்' என்று அவள் கோப்பில் எழுதினார்கள்.
தாமதமா, லவோன்யாவா!
அவள் வண்டி வந்ததைப் பார்த்துத்தான்
ரொட்டிக்கடைக்காரன் கடிகாரத்தைத் திருத்துவான்.

உங்கள் தாளில் ஒன்று குறைகிறது, என்றேன்.
எத்தனை மணிக்கு உங்களால் வர முடியும்?
பயணச்சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டு போனாள்.

பிறகு கூட்டங்கள், தேவாலயத்தின் நிலவறையில்.
பேராசிரியர்கள் மடக்கு நாற்காலியில்
முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தார்கள்.
ஒருவர் 'சமூகம்' என்று சொல்லும்போதெல்லாம்
சன்னலைப் பார்த்தார்.
இரைடா கொலோன் கையைத் தட்டினாள்:
"இங்கே, ஐயா, இங்கே. சமூகம் இந்த வரிசையில் இருக்கிறது,
அதற்கு முதுகு வலிக்கிறது."

எங்கள் இரத்தம் யாருடைய குளிர்பெட்டியில் தூங்கும், என்று கேட்டோம்.
அதற்குக் காகிதம் இருந்தது, வாசித்தார்கள், இருமுறை.
ஐந்து வருட நிதி முடிந்த மறுநாள்
வண்டி எங்கே நிற்கும், என்று கேட்டோம்.
அதற்குக் காகிதம் இல்லை.

ஆனாலும் அக்டோபரில் வந்துவிட்டது,
பணிமனை வாசலிலேயே, செவ்வாய்தோறும்,
இரவு பதினொன்று வரை விளக்கெரியும் வெள்ளை வண்டி.
முதல் வாரம் யாரும் போகவில்லை.
அடுத்த வாரம் மூவர்.
பிறகு துப்புரவுப் பெண்கள், இரைடா,
அவள் வம்புக்கு இழுத்துவந்த அவள் நாத்தனார்.
நான்?
கேள்வி கேட்டவள் நான்.
ஆறு செவ்வாய்கள் கையசைத்துவிட்டுக் கடந்து போனேன்.

ஏழாவதில் சட்டையைக் கழற்றினேன்.
தட்டு, சனவரி மாதத்துக் கண்ணாடி போலச் சில்லென்றது.
இயந்திரத்தை இயக்கிய பெண்
செருப்புத் தொழிற்சாலையில் படித்தவளாம்.
"பரீட்சை அன்று ஓடிவந்தேன், எனக்காகக்
கதவைத் திறந்து காத்திருந்தீர்கள்" என்றாள்.
எனக்கு நினைவில்லை.
ஓடிவருகிறவர்கள் எத்தனையோ பேர்.
"அசையாதீர்கள்" என்றாள். அசையவில்லை.

பத்து நாளில் கடிதம் வரும்.
இன்று எட்டாம் நாள்.
மழையில் விலாவின் படம் உரிகிறது,
ஒரு கையின் மணிக்கட்டு வரை வந்துவிட்டது.
ஒட்டவா, கிழித்துவிடவா, என்று கேட்டான்
மெக்கானிக் டாரியஸ், பசை டப்பாவோடு.

கடிதம் வரட்டும், என்றேன்.